வியாழன், ஹோம்புஷ், பன்னிரண்டு மணி

நெய்த் தோசை ஆறும்போது முதலில் ஓரம் சுருங்கும். பிறகு மேலே வெள்ளையாக நெய் உறையும். அதற்குப் பிறகு அது தோசை இல்லை, மடித்து வைத்த காக்கி அட்டை. சிட்னியில், ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தோசைக் கடையில், மூலை மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் நான் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே இருந்த கதிரை காலி.

வரவேண்டியவன் எஸ்கோ. பின்லாந்துக்காரன். எங்கள் ஐஸ் ஹொக்கி அணியின் கோல் காப்பாளன். பன்னிரண்டு மணி என்றால் ஐந்து நிமிஷம் முந்தி வந்து வாசலில் நிற்கிற ஆள். அன்றைக்குப் பன்னிரண்டரை தாண்டியும் காணவில்லை.

என் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. வருகிற இரண்டு பருவத்துக்கும் நீதான் எங்கள் கோல் காப்பாளன், உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா, வீடு நாங்கள் பார்த்துத் தருகிறோம் என்று எழுதிய ஒப்பந்தம். என்னுடைய வாழ்க்கையில் நான் யாருக்கும் அப்படி ஒரு தாள் நீட்டியதில்லை. அதனால் அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ரெலிபோன் அடித்தது. எஸ்கோதான். பின்னால் விமான நிலையத்து அறிவிப்பு கேட்டது. மெல்பனில் இறங்கிவிட்டானாம். அங்கே உள்ள அணியில் சேர்ந்துவிட்டானாம். நேரில் வந்து சொல்லாததற்கு மன்னிக்க வேண்டுமாம், எனக்குச் சங்கடம் தரக் கூடாது என்று நினைத்தானாம். எல்லாவற்றுக்கும் நன்றி, பொஸ் என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் என்னோடு அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

பரிமாறுகிற பையன் வந்து டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனான்.

போன கிழமை இந்தப் பத்தியில் நான் ஐஸ் வண்டியைச் சுவரில் மோதிய கதையை எழுதினேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா உங்கள் தோல்விகளையும் இப்படியே மறைக்காமல் எழுதுங்கள் என்கிறார். தோல்வி என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் என்னிடம் இல்லை. இது ஒன்று இருக்கிறது. அவர் வைத்துக்கொள்ளட்டும்.

ஐஸ் படித்தவன்

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு சொல். இந்த நாட்டில் ஐஸ் ஹொக்கி அணிக்கு ஜெனரல் மனேஜராக இருந்த தமிழன் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் ஆசிரியருக்கு எழுதுங்கள். எழுதமாட்டீர்கள், ஏனென்றால் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. மன்னாரில் மீனுக்கு ஐஸ் அடிக்கிற கொம்பனியில் வேலை செய்தேன். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் தகர வாளிகளை இறக்கி, ஐஸ் கட்டியானதும் தூக்கி, தட்டிக் கவிழ்க்கிற வேலை. அமோனியா நாற்றம் மூக்கை விட்டுப் போக வருஷக்கணக்கானது. ஆனால் ஒன்று கற்றேன். ஐஸைத் தட்டினால் வருகிற சத்தத்தில் அது நல்லதா கூடாததா என்று சொல்லிவிடுவேன். எந்தப் பல்கலைக்கழகத்திலும் அதற்குப் பட்டம் கிடையாது.

சிட்னிக்கு வந்து, மேற்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் அரங்கில் உடுப்பு மாற்றும் அறை கழுவுகிற வேலை கிடைத்தது. ஒரு குளிர்காலம் அங்கே ஐஸ் வெளுத்து, நொறுங்கத் தொடங்கியது. பொறியியலாளர் ஒருவர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் மூன்று கருவி. மூன்று நாள் அளந்தார். நாலாம் நாள் நான் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, வண்டியில் ஊற்றுகிற தண்ணீரில் சூடு போதாது, அதுதான் காற்று உள்ளே நின்று வெளுக்கிறது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க யாரோ கொதிகலனைக் குறைத்து வைத்திருந்தார்கள். கூட்டி வைத்ததும் ஐஸ் கண்ணாடி ஆனது. பொறியியலாளர் தன் அறிக்கையில் அதைத் தானே கண்டுபிடித்ததாக எழுதினார். எழுதட்டும். அடுத்த கிழமை ஐஸ் வண்டியின் சாவி என் கையில் இருந்தது.

ஐஸ் வண்டி என்றால், விளையாட்டு முடிந்த பிறகு தளத்தைச் சுரண்டி, சுடுதண்ணீர் பூசி, மறுபடி மினுக்கிற வண்டி. அதை ஓட்டுகிறவன் மட்டும் பார்க்கிற ஒன்று உண்டு. விளையாடினவர்களின் கோடுகள். யார் வேலை செய்தான், யார் செய்ததாக நடித்தான் என்று எல்லாம் தரையில் எழுதியிருக்கும். அழிக்கிறதுக்கு முன் நான் படித்துவிடுவேன். கரையில் நிற்கிற கெட்டிக்காரர்கள் ஆட்டக்காரனைப் பார்ப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். அப்படித்தான் ஒரு நாள், இருந்த மனேஜர் ஓடிப்போன பிறகு, கமிட்டிக்கு வேறு வழி இல்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள். வேறு வழி இல்லாமல் என்று அவர்களே என் முகத்துக்கு முன் சொன்னார்கள். படித்தவர்களின் மரியாதை.

அணியின் பெயர் ஐபிஸ். சிட்னி முழுக்கக் குப்பைத்தொட்டியைக் கிண்டித் திரிகிற அந்த நீளச் சொண்டு வெள்ளைப் பறவை. பெயர் வைத்தது கமிட்டி. வேறு நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெனரல் மனேஜர் என்றால்

கனடாவில் இந்த உத்தியோகத்தில் இருப்பவன் கோட்டு சூட்டோடு கண்ணாடிப் பெட்டிக்குள் மேலே உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் ஆறு உதவியாளர். இங்கே அந்த ஆறு பேரும் நான்தான். வெளிநாட்டு ஆட்டக்காரனை விமான நிலையத்தில் போய் ஏற்றுவது, அவனுக்கு மெத்தை தேடுவது, ஹரிஸ் பார்க்கில் வாடகை வீட்டுக்காரரிடம் ஐஸ் ஹொக்கியில் உள்ள ஐஸ், இங்கே அந்தப் பெயரில் விற்கிற போதைப்பொருள் இல்லை என்று விளங்கப்படுத்துவது, எல்லாம்.

ஆனால் அதெல்லாம் கூலி வேலை. உண்மையான வேலை ஒன்றுதான். அணியில் யார் இருப்பது, யார் போவது என்று முடிவெடுப்பது. பயிற்சியாளர் இருக்கிற ஆட்களை வைத்து வித்தை காட்டுவார். அந்த ஆட்களைப் பிடித்துக் கொடுப்பவன் நான்.

எஸ்கோவை நான் எப்படிப் பிடித்தேன் என்று கேளுங்கள். பருவத் தொடக்கத்தில் சோதனைக்கு மூன்று கோல் காப்பாளர்கள் வந்திருந்தார்கள். இரண்டு பேர் பாய்ந்தார்கள், விழுந்தார்கள், பக் என்கிற அந்தக் கறுப்பு றப்பர் வில்லையைப் பிடித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்கள். கமிட்டி கைதட்டியது. எஸ்கோ ஒன்றுமே செய்யாதது போல நின்றான். எல்லாரும் போன பிறகு வண்டியில் ஏறி அவன் நின்ற இடத்துக்குப் போனேன். கோலுக்கு முன்னால், பாய் பின்னியது போலச் சின்னச் சின்னக் கோடுகள். எல்லாம் ஒரே நீளம். மற்ற இரண்டு பேரின் இடமும் மாடு புகுந்த தோட்டம். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப்போய், இவன்தான் என்றேன்.

எங்கள் கமிட்டித் தலைவர் சேகர், சென்னைக்காரர், கம்ப்யூட்டரில் பெரிய உத்தியோகம், ஸ்ட்ராத்ஃபீல்டில் வீடு. அவர் தன் அட்டவணையைத் திருப்பிக் காட்டி, எஸ்கோவின் எண்கள் சுமார்தான் என்றார். எண்களைக் கொண்டுபோய்க் கோலில் நிறுத்துங்கள் என்றேன்.

அந்தப் பருவம் எஸ்கோ நின்றான். ஐபிஸ் முதல் முறையாக இறுதிப் போட்டிக்குப் போகிற நிலைக்கு வந்தது.

நான் ஆட்களை நிறுத்துகிற விதம்

இங்கே ஒரு பழைய கதை சொல்லவேண்டும். அது இல்லாமல் ஹோம்புஷ் விளங்காது.

மன்னார் ஐஸ் கொம்பனியில் என்னை ஒரு நாள் வேலையால் நிறுத்தினார்கள். என்ன காரணம் என்று இன்றுவரை தெரியாது. விடியற்காலை வேலைக்குப் போகிறேன், வெறும் வயிறு, கேட் பூட்டியிருக்கிறது. காவல்காரன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, உனக்கு இனி வேலை இல்லையாம் என்றான்.

"ஆர் சொன்னது?"

"ஐயா."

"ஐயா எங்க?"

"ஐயா சாப்பிடுறார்."

அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது எனக்கு வேலை போனது வலிக்கவில்லை. அந்த மனுசன் சாப்பிட்டுக்கொண்டே என்னை நிறுத்தினான், நான் பட்டினியாக அதைக் கேட்டேன் என்பதுதான் வலித்தது. ஒரு காலத்தில் நான் யாரையாவது நிறுத்துகிற நிலைக்கு வந்தால், அவனை என் முன்னால் உட்கார வைத்து, அவன் வயிற்றுக்கு ஏதாவது கொடுத்து, என் வாயால் சொல்வேன் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

இன்றைய மனேஜர்கள் ஈமெயிலில் நிறுத்துகிறார்கள். உங்கள் வருங்காலத்துக்கு வாழ்த்துக்கள் என்று கீழே ஒரு வரி. மெல்பன் அணியில் ஒருவர் இருக்கிறார், எந்நேரமும் டை கட்டினபடி. அவர் தன் செயலாளரைக் கொண்டு அந்த ஈமெயிலை அனுப்புவார். தானே தட்டுகிற துணிச்சல்கூட இல்லை.

நான் அப்படி இல்லை. நிறுத்த முடிவெடுத்தால் ஒரு குறுஞ்செய்தி போகும். வியாழன், ஹோம்புஷ், பன்னிரண்டு. அதற்கு மேல் எழுத மாட்டேன். இங்கிலீஷில் எழுத்துப் பிழை விடாமல் நான் எழுதக்கூடியதும் அவ்வளவுதான். வியாழன் ஏன் என்றால், ஆள் மாற்றத்துக்கான கடைசி நேரம் லீக்கில் எப்போதும் வெள்ளிக்கிழமைதான். வேறு அணியில் இடம் தேட அவனுக்கு ஒரு நாள் கிடைக்கும்.

மூலை மேசை. நான் சுவருக்கு முதுகு கொடுத்து இருப்பேன். வருகிறவனுக்குச் சுவரைப் பார்த்த கதிரை. அழுதால் கடையில் யாரும் அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. இதையெல்லாம் யோசித்து வைத்தவன் நான். ஒரு நெய்த் தோசை வரும். முதல் துண்டு வாயில் வைத்த பிறகு சொல்வேன். ஆறடிக் கனடாக்காரன், பல் இரண்டு இல்லாதவன், சட்னியைப் பார்த்துக்கொண்டு விசும்பியிருக்கிறான். ஒருவனும் அந்தத் தோசையை முடித்ததில்லை. பாதியில் கை நின்றுவிடும். பரிமாறுகிற பையனுக்கும் இது பழகிவிட்டது. நான் யாரோடாவது உள்ளே வந்தால் சாம்பாருக்கு முன் டிஷ்யூப் பெட்டியை வைத்துவிடுவான்.

அவர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் எனக்கு டிசம்பரில் நத்தாருக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள். டை கட்டினவருக்கு யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஸ்ட்ராத்ஃபீல்டில்

மறுபடி அந்த வியாழனுக்கு வருகிறேன். ஆறின தோசையை விட்டுவிட்டு நேரே சேகர் வீட்டுக்குப் போனேன். ஏனென்றால் எந்த ஆட்டக்காரனும் தன் பாட்டில் வேறு அணிக்குப் போக முடியாது. விடுவிப்புக் கடிதத்தில் எங்கள் பக்கத்துக் கையெழுத்து ஒன்று வேண்டும். என் கையெழுத்து இல்லை என்றால் சேகருடையது.

சேகர் கதவைத் திறந்தார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக் காற்சட்டை. வீட்டிலிருந்து வேலையாம். கம்ப்யூட்டருக்கு இடுப்புக்குக் கீழே கண் இல்லை போலும்.

"நீரோ கையெழுத்துப் போட்டது?"

"ஆமா அங்கிள். நேத்து சாயந்திரம் எஸ்கோவே போன் பண்ணான். 'பாஸ் என்னை டீம்லேருந்து தூக்கப் போறாரு, மெல்போர்ன்ல கூப்பிடறாங்க, கடைசி நாளுக்கு முன்னாடி லெட்டர் குடுங்க'ன்னான். பாவமா இருந்துச்சு. குடுத்துட்டேன்."

"என்னை ஒரு சொல்லுக் கேட்டனீரோ?"

"கேக்கணும்னு தோணல. நீங்கதானே செவ்வாய்க்கிழமை சொன்னீங்க, எஸ்கோவை ஹோம்புஷ் கூட்டிட்டுப் போறேன்னு."

"தோசை தின்னக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னனான்."

சேகர் கதவில் சாய்ந்தார். "அங்கிள், கோவிச்சுக்காதீங்க. நீங்க யாரைத் தோசை திங்க மட்டும் கூட்டிட்டுப் போயிருக்கீங்க?"

இரண்டு பட்டம் பெற்ற மனுசன். கையில் எந்நேரமும் ரெலிபோன். என்னை ஒரு முறை அழைத்துக் கேட்க அதில் பொத்தான் இல்லை. எஸ்கோவின் பெயர் இருந்த கட்டத்தை அட்டவணையில் அதற்குள் சிவப்பாக்கியும் வைத்திருந்தார். கடைசியில் நான் தன் எண்களுக்கு மதிப்புக் கொடுத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாராம். அதையும் அவரே சொன்னார். இறுதிப் போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, அணியில் ஆகச் சிறந்தவனை நான் நிறுத்துவேன் என்று நம்பியிருக்கிறார். என்னை முட்டாள் என்று நினைத்ததை மன்னிக்கலாம். எஸ்கோவின் கோடுகளை நான் படிக்கவில்லை என்று நினைத்தாரே, அதை மன்னிக்க மாட்டேன்.

நல்ல செய்தி என்று அவரிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் கூட்டம் வைப்பார்கள். கமிட்டி நாலு கிழமை பேசி முடிக்கும்போது எஸ்கோவுக்கு நரை விழுந்திருக்கும்.

மிச்சத்தைப் பிறகு மற்ற ஆட்டக்காரர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை என் குறுஞ்செய்தி போனதும் எஸ்கோ அதை அறைக்கூட்டாளிகளுக்குக் காட்டியிருக்கிறான். ஒருவன் கட்டிப்பிடித்தானாம். ஒருவன் போய் பியர் வாங்கி வந்தானாம். புதன் காலை எல்லாரும் சேர்ந்து ஒரு கங்காரு பொம்மை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை பேரில் ஒருவனாவது என்னிடம் வந்து ஏன் என்று கேட்கவில்லை. எஸ்கோவும் கேட்கவில்லை. நிறுத்தப்பட்டால் அணி கொடுத்த வீடு போய்விடும், ஊருக்குத் திரும்பி மர ஆலையில் பலகை அடுக்க வேண்டும், மனைவியைக் கூட்டி வரலாம் என்று நினைத்திருந்ததும் முடிந்துபோகும். அப்படி இருந்தும் வாயைத் திறக்காமல் பெட்டியை அடுக்கியிருக்கிறான். டை கட்டினவருக்குச் செய்தி எப்படிப் போனதோ, புதன் மத்தியானமே கூப்பிட்டுவிட்டார். மற்றவன் வலையில் விழுந்த மீனைப் பொறுக்குவதில் மட்டும் அந்த மனுசன் கெட்டிக்காரன்.

குசினியில் ஒரு விசாரணை

வீட்டுக்கு வந்து என் மனைவி றோசலினிடம் எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன். சேகரைத் திட்டினேன், பின்லாந்தைத் திட்டினேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து தந்தவள் அவள்தான், ஓஎல் பரீட்சை வரை படித்தவள், ஆகவே தனக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறவள். கையைத் துடைத்துவிட்டு, ரெலிபோனைக் காட்டுங்கோ என்றாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"இது எஸ்கோவுக்கு அனுப்பினது. போன மாசம் அந்தக் கனடாப் பெடியனை நிப்பாட்டினீங்களே, அவனுக்கு அனுப்பினது எங்க?"

தேடிக் கொடுத்தேன். வியாழன், ஹோம்புஷ், பன்னிரண்டு.

"ரெண்டும் ஒண்டுதானே."

"கடையும் ஒண்டுதானே," என்றேன்.

"நல்ல விசயம் எண்டு ஒரு சொல்லுப் போட்டால் உங்கட விரல் தேஞ்சு போயிடுமோ?"

அவள் மீனைத் திரும்பவும் கையில் எடுத்தாள். "அவனைப் பிழை சொல்லாதேங்கோ. நீங்கள் ஒரு மனுசனை நல்லதுக்குக் கூப்பிட்டதை நானே காணேல்லை. இத்தனை வருசமா நானும் உங்களோடதான் இருக்கிறன். கறியில உப்புக் கூடின நாளில மட்டும்தான் சமைக்கிறது நான் எண்டு உங்களுக்கு ஞாபகம் வரும்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. அன்றைக்குக் கறி நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லவில்லை.

மெல்பன்

மெல்பனைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஒரே நாளில் வெயில், மழை, காற்று மூன்றையும் காட்டிவிட்டு அதைப் பெருமை என்று சொல்கிற ஊர். கோப்பியைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவார்கள், குடித்தால் கரி. அவர்களின் ஐஸ் அரங்குக்குள் போனதும் குதிக்காலால் தட்டிப் பார்த்தேன். மந்தமான சத்தம். ஐஸ் தடிப்பு, குளிர் போதாது. சொல்லவில்லை, அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இறுதிப் போட்டி சனிக்கிழமை பின்னேரம். எதிர் அணி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் கோலில் நின்றவன் ஒரு பல் வைத்தியம் படிக்கிற மாணவன். தங்கமான பிள்ளை. பல்லைப் பிடுங்கத் தெரியும், பக்கைப் பிடிக்கத் தெரியாது. அந்தப் பக்கக் கோலில் நீலச் சட்டையோடு எஸ்கோ.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்தப் பருவம் முழுக்க, எங்கள் கோலில் எஸ்கோ நிற்கும்போது நான் விளையாட்டைப் பார்க்க மாட்டேன். தளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த மூலையில் ஐஸ் மெலிகிறது, இடைவேளையில் வண்டி எங்கே இரண்டு தரம் போகவேண்டும் என்று. ஆட்டக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பொஸ்ஸுக்கு நாங்கள் விளையாடுவது ஐஸைப் பழுதாக்கத்தான் என்று.

அன்றைக்குத் தளத்தைப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு தடவை பக் எங்கள் பக்கம் வரும்போதும் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கோலையே பார்த்தேன். முதல் பாகம் முடிந்தபோது கழுத்து மரத்துவிட்டது. அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் அடித்தது எல்லாம் எஸ்கோவின் காலில், கையில், மார்பில் போய் அமைதியாக விழுந்தது. கடைசியில் ஒரு கோலால் தோற்றோம். ஒரே ஒரு கோல். டை கட்டினவர் கிண்ணத்தோடு நின்று படம் எடுத்தார். டை கோணலாக இருந்தது, யாரும் சொல்லவில்லை.

சேகர் வந்து பக்கத்தில் இருந்தார். ஏதோ சதவீதம் சொல்ல வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடினார். அவர் செய்த கெட்டிக்காரத்தனமான வேலை அது ஒன்றுதான்.

அன்றிரவு படுக்கப் போகும்போது ரெலிபோனில் ஒரு குறுஞ்செய்தி. எஸ்கோ. ஞாயிறு, டண்டினோங், பன்னிரண்டு.

உண்மையைச் சொல்கிறேன், எழும்பி இருந்து அதை மூன்று தரம் படித்தேன். அப்படி மூன்று சொல்லை நான் எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். வாங்கினது அதுதான் முதல் தடவை.

சுவரைப் பார்த்த கதிரை

மெல்பன் ஓரத்தில் இருக்கிற டண்டினோங்கின் தோசைக் கடையில் எஸ்கோ எனக்கு முந்தி வந்து இருந்தான். மூலை மேசை. சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தான். மிச்சம் இருந்தது எனக்கு, சுவரைப் பார்த்த கதிரை. சுவரில் ஒரு நகைக்கடைக் காலண்டர், அதில் ஒரு பெண் வளையல் போட்டுக்கொண்டு சிரித்தாள். என் மேசைக்கு வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் எதையோ பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று அப்போதுதான் யோசித்தேன். முகத்தை யாரும் பார்க்காமல் இருக்கிறது உதவி என்று நினைத்திருந்தேன். அதில் இருந்து பார்த்தால் அது தண்டனை.

இரண்டு நெய்த் தோசை வந்தது. நெய்த் தோசையாம். ஈரத் துவாயை உதறி விரித்தது போல இருந்தது. சாம்பாரில் சீனி. மெல்பன் அணி அடுத்த வருஷத்துக்கும் எஸ்கோவைக் கேட்டிருக்கும், கையெழுத்துப் போட்டிருப்பான், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறான் என்று எனக்கு நிச்சயம். ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தேன். இரண்டாவதில் கை நின்றது.

அப்போது கேட்டான். அந்த வியாழக்கிழமை என்னிடம் என்ன சொல்ல இருந்தீர்கள்?

அவ்வளவுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

சட்டைப் பைக்குள் கை விட்டேன். அந்தத் தாள் இருந்தது. அங்கே வைத்தது நான் இல்லை, றோசலின். இஸ்திரி போட்ட சட்டையோடு வைத்து அனுப்பியிருக்கிறாள். அதை விரித்து அவன் பக்கம் தள்ளினேன். ஒரு மூலையில் ஹோம்புஷ் நெய் ஊறியிருந்தது.

எஸ்கோ படித்தான். ஒவ்வொரு வரியாகப் படித்தான். மனைவியைப் பற்றி எழுதிய இடத்தில் நிறுத்தி, மறுபடி மேலே போய்ப் படித்தான். மெல்பன்காரர்களுக்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன். திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னேன் என்றான்.

இங்கே பேச வேண்டியது நான் என்று எனக்கு விளங்கியது. ஒரு மனுசனை நிறுத்துவது எனக்கு எளிது, அதற்குச் சொற்கள் இருக்கின்றன. மற்றதற்கு நான் சொற்கள் சேர்த்து வைக்கவில்லை. காலண்டர்ப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "நீ நிண்ட நாளெல்லாம் நான் ஐஸைப் பார்த்தனான். நேற்றுப் பார்க்க முடியேல்லை."

சொன்ன பிறகுதான் அது அவனுக்கு விளங்குமோ என்று யோசனை வந்தது. எஸ்கோ தாளை வந்த மடிப்பிலேயே நாலாக மடித்தான். தன் ஜக்கெட்டின் உள்பைக்குள் வைத்தான். ஓகே, பொஸ் என்றான்.

பிறகு தன் தட்டில் இருந்த அந்த ஈரத் துவாயைக் கடைசித் துண்டுவரை தின்று முடித்து, விரலைத் துடைத்து, கையை உயர்த்திப் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு தோசை சொன்னான்.